கானுயிர் காத்த மா. கிருஷ்ணன்

தமிழகம் ஈன்ற இயற்கையாளர்களுள் முதன்மையானவர் மா. கிருஷ்ணன். 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் புதினத்தை இயற்றிய அ. மாதவையாவே இவருடைய தந்தையார். மக்கள் எண்மருள் இவரே இளையவர். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார்; பின்னர்ச் சட்டமும் கற்றார்.

1942 முதல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியராகவும் நீதிபதியாகவும் பணியாற்றினார். அச்சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் சென்னைக்குத் திரும்பி, நிலையான ஊதியம் இல்லாத எழுத்துப் பணியையே வாழ்க்கைத் தொழிலாக ஏற்றார்.

வேட்டையாடிய புலியின் அருகே துப்பாக்கியுடன் நின்று படமெடுத்துக்கொள்வதைப் பெருமையாகக் கருதிய காலம் அது. கிருஷ்ணனோ, தாமே உறுப்புகளைப் பொருத்தி அமைத்த கனமான புகைப்படக் கருவியைச் சுமந்து காடு புகுந்தார். உயிருள்ள விலங்கை, அது வாழும் இடத்திலேயே, கறுப்பு வெள்ளைப் படங்களாக்கினார். 1968இல் ஜவஹர்லால் நேரு ஆய்வு நல்கை பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பெருவிலங்குகளை ஆராய்ந்தார். அவ்வாய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக்கியது. கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைக் கட்டுரைத் தொடரை, 1996 பிப்ரவரி 18இல் மறையும் வரை, 46 ஆண்டுகள் எழுதினார். தமிழிலும் கானுயிர் பற்றி அரிய கட்டுரைகள் வரைந்தார்.

விலங்கைக் கொல்லாதிருந்தால் மட்டும் போதாது. அது உண்ணும் புல்லும், ஒதுங்கும் புதரும், அம்மண்ணுக்குரிய மரமும் நிலைக்க வேண்டும் என்பதே இவர் வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய கருத்து. அயல்நாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதை இவர் எதிர்த்ததும் இதனாலேயே.

கொல்லாமையை அறமாகக் கொண்ட நாம் இதனை ஆழ்ந்து எண்ண வேண்டும். கொண்டப்பநாயக்கன்பட்டியைக் கடந்து ஏற்காட்டு மலைப்பாதையில் செல்வோர், இரக்கத்தால் குரங்குகளுக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் எறிகின்றனர். அவையோ காட்டில் இரை தேடுவதை விட்டுச் சாலையோரம் காத்திருக்கின்றன; வண்டிச் சக்கரங்களில் சிக்கி மடிகின்றன. இரங்கிச் செய்ததே ஊறாக முடிகிறது. உணவிடுவதினும், அவ்வுயிர்க்குரிய அத்தியையும் நாவலையும் ஆலையும் காட்டில் வாழவிடுவதே நிலைத்த கொடை.

ஆகவே, இனி மலையேறுங்கால் நம் பிள்ளைகளின் கையில் பழப்பையைக் கொடாது, ஒரு குறிப்பேட்டையும் எழுதுகோலையும் கொடுப்போம். கண்ட மரத்தையும் பறவையையும் விலங்கையும் அவர்கள் எழுதி வரட்டும். அறிந்த உயிரையே மனிதன் காக்க முற்படுவான்.