தொழுநோய்க் கிருமியைக் கண்ட நோர்வே வைத்தியர்

நாம் வாழும் இந்த நாடு உலக வைத்தியத்துறைக்குத் தந்த பெரியோர்களுள் ஒருவர் கெர்ஹார்ட் ஆர்மவுவர் ஹான்சன். தொழுநோய்க்கு ஹான்சன் நோய் என்ற பெயரும் இவராலேயே வந்தது.

1841 ஆம் ஆண்டு யூலை 29 ஆம் திகதி பேர்கன் நகரில் பிறந்த ஹான்சன், அன்று கிறிஸ்தியானியா எனப்பட்ட ஒஸ்லோவில் மருத்துவம் பயின்று 1866 இல் பட்டம் பெற்றார். லொபோத்தன் தீவுகளில் மீனவர்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, 1868 இல் பேர்கன் தொழுநோய் வைத்தியசாலையில் சேர்ந்தார்.

அக்காலத்தில் நோர்வேயின் மேற்குக் கரையோரத்தில் இந்நோய் பரவலாக இருந்தது. 1856 இல் அரசு தொடங்கிய பதிவேட்டில் ஏறத்தாழ மூவாயிரம் நோயாளர் இருந்தனர். இது பரம்பரை நோய் என்பதே பெரிய வைத்தியர்களின் முடிவு. ஹான்சனின் மேலதிகாரியும் பின்னர் மாமனாருமான டானியல்சனும் அப்படியே நம்பினார். எமது ஊர்களிலும் இதை முன்வினைப் பயன் என்று சொல்லி நோயாளரை ஒதுக்கினார்கள். மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் அவர்கள் பிரித்து வைக்கப்பட்டதை எம்மில் பலர் அறிவோம்.

ஹான்சன் ஊர் ஊராகச் சென்று குடும்ப விபரங்களைத் திரட்டினார். நோய் தொற்றுகிறது என்பது அவருக்குத் தெளிவானது. 1873 பெப்ரவரியில், நோயாளரின் கட்டியிலிருந்து எடுத்த திசுவில் கோல் வடிவான கிருமிகளை நுணுக்குக்காட்டியில் கண்டார். அதே ஆண்டில் அவரது இளம் மனைவி காசநோயால் இறந்தார். அந்நோயின் கிருமியும் இதே இனத்தைச் சேர்ந்தது என்பது பின்னர் தெரியவந்தது.

1879 இல் பேர்கன் வந்த ஜேர்மன் வைத்தியர் நைசர், ஹான்சன் கொடுத்த திசுக்களுக்குச் சாயமேற்றிக் கிருமிகளைத் தெளிவாகக் காட்டி, கண்டுபிடிப்பைத் தனதென்றார். இறுதியில் உலகம் ஹான்சனையே ஏற்றது.

அவர் கண்டது பக்டீரியா. வைரஸ் பற்றிய அறிவு 1890களில்தான் பிறந்தது. இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை, இரண்டும் தொற்றக்கூடியவை, காய்ச்சலும் இருமலும் இரண்டாலும் வரும். ஆயினும் பக்டீரியா ஒரு முழுமையான உயிர்க்கலம். தானே உணவுண்டு, தானே இரண்டாகப் பிரிந்து பெருகும். பாலைத் தயிராக்குவது போன்ற நன்மை செய்வனவும் அவற்றுள் உண்டு. வைரஸ் அதனிலும் மிகச் சிறியது, கலமே அல்ல. எமது கலத்தினுள் புகுந்து, அதைக்கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். நெருப்புக்காய்ச்சல் பக்டீரியாவால் வருவது. தடிமனும் கொப்பளிப்பானும் வைரஸால் வருவன.

தொழுநோய்க் கிருமி சற்று விசித்திரமானது. வைரஸைப் போல இதுவும் எமது கலங்களுக்குள் குடியிருக்கும். ஆய்வுகூடத் தட்டில் வளராது. ஹான்சன் எவ்வளவு முயன்றும் வளர்க்க முடியவில்லை. அந்தத் தவிப்பில் 1879 இல் ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவரது சம்மதமின்றித் தொற்றுப்பொருளைச் செலுத்தினார். 1880 இல் நீதிமன்றம் அவரது வைத்தியசாலைப் பதவியைப் பறித்தது. அத்தீர்ப்பு நியாயமானதே. நாட்டின் தொழுநோய்த் தலைமை வைத்தியராக அவர் தொடர்ந்தார்.

1880களின் பிற்பகுதியில் அமெரிக்கா சென்று, எம்மைப் போலவே புலம்பெயர்ந்த நோர்வே மக்களின் சந்ததியினரைப் பார்வையிட்டார். அங்கு பிறந்தவர்களில் நோய் காணப்படவில்லை. பரம்பரை நோயன்று என்பதற்கு அது மேலும் ஒரு சான்றாயிற்று. 1909 இல் பேர்கனில் நடந்த சர்வதேச மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஹான்சன், 1912 பெப்ரவரி 12 இல் காலமானார்.

நோயைத் தீர்க்கும் மருந்தை அவர் காணவில்லை. ஆனால் அக்கிருமி பக்டீரியா என்பதால் அன்ரிபயோற்றிக் மருந்துகள் அதைக் கொல்கின்றன. 1980களிலிருந்து வழங்கப்படும் கூட்டு மருந்தினால், ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் தொழுநோய் குணமாகிறது. வைரஸை இம்மருந்துகள் தொடா. பிள்ளையின் தடிமனுக்கு அன்ரிபயோற்றிக் தர வைத்தியர் மறுத்தால் நாம் மனங்கோணத் தேவையில்லை. வீணாக உட்கொண்டால் பக்டீரியாக்கள் மருந்துக்குப் பழகி, உண்மையான தேவையின்போது அது பயனற்றுப் போகும்.

பேர்கனில் புனித யோர்கன் வைத்தியசாலை நூதனசாலையாகப் பேணப்படுகிறது. விடுமுறையில் அங்கு செல்லும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டலாம். தொழுநோயாளரும் சிவனடியாராயின் தாம் வணங்கும் கடவுளே என்று அப்பர் பெருமான் தேவாரத்தில் பாடியுள்ளார். அதையும் அவர்களுக்கு அங்கே சொல்லிக்கொடுப்போம்.