வாயில் திக்கிய வார்த்தைகள்... பேப்பரில் விளையாடிய லூயிஸ் கரோல்!

ஜி, பி... இந்த ரெண்டு எழுத்தும் அடுத்தடுத்து வர்ற ஓர் இங்கிலீஷ் வார்த்தையை, கூகுள் பண்ணாம சொல்லுங்க பார்ப்போம்!

'மிஷ்மாஷ்' என்ற இந்த விளையாட்டை உருவாக்கியவர், 'ஆலிஸ்' கதை எழுதிய லூயிஸ் கரோல். 1832-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். நிஜப்பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். ஆக்ஸ்ஃபோர்டில் கணித ஆசிரியர். சின்ன வயசுல தொடங்கிய திக்கல், கடைசிவரை அவரை விடவே இல்லை. ஆனா, வாயில் சிக்கிக்கொண்ட வார்த்தைகள் பேப்பரில் அவர் சொன்னபடி ஆடின. தன் பெயரையே லத்தீனுக்கு மாற்றி, முன்பின்னாகப் புரட்டி, மறுபடி இங்கிலீஷாக்கித்தான் புனைபெயர் வைத்துக்கொண்டார். 1879-ல், ஒவ்வோர் எழுத்தாக மாற்றி வேறு வார்த்தைக்குப் போகும் 'டப்லெட்ஸ்' விளையாட்டை வெளியிட்டார். 1898-ல் மறைந்தார்.

விடை கிடைச்சுதா? 'மேக்பை' என்ற பறவை! அடுத்து ஈ, எம், ஓ... ஜூஸ் குடிச்சுக்கிட்டே யோசிங்க!