அஞ்சேல் என்ற விமானி

அஞ்சி வந்தார்க்கு அடைக்கலம் அளித்தல் அறங்களுள் தலையாயது. அதனை வானவீதியில் இயற்றியவர் பிஜு பட்நாயக் என்னும் பெருந்தகை.

கலிங்க நாட்டின் கட்டாக் நகரில் 1916ஆம் ஆண்டு பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரில் விமானியாய்ப் பணிபுரிந்தார். 1942இல் ஜப்பானியர் படை நெருங்கிய ரங்கூனிலிருந்து ஆங்கிலேயக் குடும்பங்களை மீட்டு வந்தார். விடுதலைப் போராட்டத்திற்குத் துணைநின்றமையால் அவ்வாங்கில ஆட்சியே பின்னர் அவரைச் சிறையிலிட்டது.

போருக்குப்பின் கலிங்க விமான நிறுவனத்தைக் கண்டு வணிகரானார். 1947 ஜூலையில் டச்சுப் படைகள் இந்தோனேசியக் குடியரசைத் தாக்கின. வானும் கடலும் அவர்தம் காவலில் இருந்தன. நேருவின் வேண்டுகோளை ஏற்றுத் துணைவியார் ஞானவதி அம்மையாருடன் டகோட்டா விமானத்திற் சென்று, முன்னாள் பிரதமர் ஷாரிரை வெளிக்கொணர்ந்து டில்லி சேர்த்தார். விமான வணிகருக்கு விமானமே முதல். அம்முதலையும் உயிரையும் ஒருங்கே பணயம் வைத்தது ஊதியம் கருதியன்று.

அறிவியலை எளியோர்க்கு விளக்குவோருக்கென அவர் நிறுவிய கலிங்கப் பரிசை யுனெஸ்கோ 1952 முதல் வழங்கலாயிற்று. இருமுறை ஒடிசாவின் முதலமைச்சராய் விளங்கி, 1997 ஏப்ரல் 17ஆம் நாள் தமது 81ஆம் வயதில் மறைந்தார்.

கருவறையில் இறைவன் திருக்கரம் அஞ்சேல் என்று அபயம் காட்டுகின்றது. அதன் பொருளுணர்ந்தோர் தம் கைத்தொழிலையே அவ்வருளுக்குக் கருவியாக்குவர்.