வலி வருமுன் காத்த மருத்துவர்

பிறப்பிற்கு நாள் குறிக்கும் நாம், இறப்பு அமைதியாக வாய்க்க வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிடப்பட்ட நோயாளிக்கும் செய்ய வேண்டியவை எவ்வளவோ உண்டு என்று உலகிற்குக் காட்டியவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் ஆவார்.

இவர் 1918ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் இலண்டனை அடுத்த பார்னெட்டில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்றுகொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. படிப்பை இடையில் நிறுத்தி, நைட்டிங்கேல் அம்மையார் நிறுவிய செவிலியர் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் முதுகுவலி அப்பணியைத் தொடர விடவில்லை. பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். அங்கே போலந்து நாட்டு யூதரான டேவிட் டாஸ்மா என்னும் புற்றுநோயாளியைச் சந்தித்தார். இறக்கும் தறுவாயில் உள்ளோர்க்கென ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசினர். 1948இல் மறைந்த டாஸ்மா, அவ்வில்லத்தில் தாம் ஒரு சன்னலாக விளங்க வேண்டும் என்று 500 பவுண்டு விட்டுச் சென்றார்.

நோயாளியின் துயரைப் போக்க மருத்துவரே ஆக வேண்டும் என்று உணர்ந்த அம்மையார், முப்பது வயதைக் கடந்தபின் மருத்துவம் பயின்று 1957இல் தேறினார். அடுத்த ஆண்டு புனித யோசேப்பு இல்லத்தில் பணியேற்றார்.

அந்நாளில் மார்பின் மருந்து வழங்கிய முறையே நோயாளிக்குத் தீங்காக இருந்தது. அடிமையாகிவிடுவாரோ, மூச்சு நின்றுவிடுமோ என்று அஞ்சி, வலியால் கதறிய பின்னரே ஊசி போடுவர். மருந்தின் வேகம் தணிந்ததும் மீண்டும் கதறல்! அம்மையார் இதனை மாற்றினார். அளந்த அளவில், வாய்வழியாக, 4 மணிக்கு ஒருமுறை, வலி தலைதூக்குமுன்னரே மருந்தளித்தார். ஒவ்வொருவரின் வலியையும் மருந்தளவையும் ஏட்டில் குறித்து, அவரவர்க்கேற்பத் திருத்தினார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய அக்குறிப்புகள், முறையோடு அளித்தால் அச்சத்திற்கு இடமில்லை என்பதை மெய்ப்பித்தன.

1967இல் தென் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். டாஸ்மாவின் சன்னலும் அங்கே அமைந்தது. பராமரிப்போடு ஆய்வும் பயிற்சியும் அங்கு நடந்தன. 2005ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், தாம் நிறுவிய அவ்வில்லத்திலேயே புற்றுநோயால் மறைந்தார்.

நண்பர்களே! எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். என் பாட்டி நோயுற்றுக் கிடந்த கடைசி மாதங்களில், அடிக்கடி கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று, அவர் துடித்த பின்னரே மாத்திரை கொடுத்தனர். மருந்துச் சீட்டில் நேரம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்த நானோ விடுதியில் இருந்தேன். விடுமுறைக்குச் சென்றபோதும் அச்சீட்டை வாங்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

கற்ற கல்வி பிறர் துயர் தீர்க்கப் பயன்பட வேண்டும். நம் இல்லங்களில் நோயாளிகள் இருப்பின், மருந்துச் சீட்டை நாமே படித்து, அளவையும் நேரத்தையும் தமிழில் எழுதி அவர்தம் தலைமாட்டில் ஒட்டி வைப்போம். ஐயமிருப்பின் மருத்துவரைக் கேட்போம். அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.