சித்திலெப்பையும் அசன்பேயும்

இளமையில் விரும்பிப் படித்த கதையை முதுமையிற் புதுப்பதிப்பாகக் கையிலெடுப்பது ஒருவகைச் சோதனை. நூல்கள் பல அதில் தோற்றுவிடுகின்றன. அசன்பே சரித்திரத்தின் மறுபதிப்பை அண்மையிற் படித்து முடித்தபோது, கதையினும் அதனை எழுதியவரின் வாழ்வே என் உள்ளத்தை மிகுதியும் ஈர்த்தது.

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கண்டியிற் பிறந்தார். தந்தையார் சட்டத்தொழில் புரிந்தவர். மகனும் அவ்வழியே சென்று 1862இல் கண்டியிற் பிறக்கிராசியானார். அத்தொழிலோடு அமைந்து, வசதியாக வாழ்ந்து மறைந்திருக்கலாம். ஆனால், தம் சமூகத்துப் பிள்ளைகள் கல்வியிற் பின்தங்கி நிற்பதை அவராற் பார்த்திருக்க இயலவில்லை. ஆங்கிலப் பள்ளிகள் பெரும்பாலும் மிஷனரிமார் கையில் இருந்த காலம் அது. மார்க்கம் போய்விடுமென அஞ்சிய பெற்றோர் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டனர். அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றதென்று நான் சொல்லமாட்டேன். எனினும் அதற்குப் பிள்ளைகள் கொடுத்த விலை பெரிது. மார்க்கக் கல்வியும் ஆங்கிலமும் ஒரே கூரையின்கீழ் நிகழவேண்டும் என்பதே சித்திலெப்பை கண்ட வழி. 1882இல் முஸ்லிம் நேசன் இதழைத் தொடங்கி அதனை வாதாடினார். 1884இல் கொழும்பில் ஒரு பாடசாலையையும் நிறுவினார். பெண்களும் படிக்கவேண்டுமெனக் கூறியதோடு நில்லாது, கண்டியிற் பெண்பள்ளி திறந்து, தம் சகோதரியையே அதன் பொறுப்பில் அமர்த்தினார். சொன்னதை முதலில் தம் வீட்டிலே செய்து காட்டிய மனிதர்!

இத்தனை அலுவல்களுக்கிடையே 1885இல் வெளிவந்ததுதான் அசன்பே சரித்திரம். பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளையும் நீதிமன்றத்தில் வாழ்ந்தவர் என்பது சுவையான ஒற்றுமை. எகிப்திற் பிறந்து, குழந்தைப் பருவத்திற் கடத்தப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, கல்கத்தா சென்று, பின் எகிப்து மீளும் ஒருவனின் கதை இது. அரபுச் சொற்கள் விரவிய நடை. தற்செயல்கள் மலிந்த போக்கு. இன்றைய மாணவர் சில பக்கங்களிற் சலிப்படைதல் கூடும்.

ஈழத்தின் முதல் தமிழ் நாவலிலே ஈழம் இல்லையே என்பது பலர் கூறும் குறை. மகாவலி பாயும் ஊரில் இருந்தவர் நைல் நதி நாட்டை ஏன் நாடினார்? எனக்கு அது வியப்பாகத் தோன்றவில்லை. 1882இல் ஆங்கிலப் படையிடம் தோற்ற எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா, அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்துசேர்ந்தார். சித்திலெப்பையின் கல்வி முயற்சிகளுக்கு ஊக்கமும் அளித்தார். பின்னாளிற் கண்டியிலும் வசித்தார். தொலைவிலிருந்த எகிப்து அந்நாட்களிற் பக்கத்துத் தெருவுக்கே வந்துவிட்டது. தாயகத்தை இழந்தவன் அதனை மீண்டும் அடையும் கதையை அக்காலத்து வாசகர் எவ்வளவு ஆவலோடு புரட்டியிருப்பர்!

அசன்பே எகிப்து திரும்பியதுபோல் ஒராபி பாஷாவும் 1901இல் திரும்பினார். அதனைக் காணச் சித்திலெப்பை இல்லை. 1898 பெப்ரவரி 5ஆம் நாளே அவர் காலமாகியிருந்தார்.