காமன்ஸ் சபைக்குச் சென்ற சுரங்கத் தொழிலாளி

ஓட்டுரிமை வந்துவிட்டது, இனி ஆண்டை ஏது, அடிமை ஏது என்று கேட்போரை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் கெய்ர் ஹார்டியின் வாழ்க்கையை அறிந்துகொள்வது நல்லது.

1856-ல் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயரில், வீட்டு வேலை செய்த ஒரு பெண்ணின் மகனாக அவர் பிறந்தார். பிற்பாடு தாயை மணந்த கப்பல் தச்சரின் பெயரே ஹார்டி என்பது. பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் உறவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தாய்தான் சொல்லிக் கொடுத்தார். பத்து வயதுச் சமயம், கிளாஸ்கோவில் ஒரு ரொட்டிக் கடையில் எடுபிடி வேலை. தகப்பனாருக்கு வேலையில்லை, தம்பி காய்ச்சலில் கிடந்தான், அவனுக்காக இரவெல்லாம் விழித்திருந்த சிறுவன் காலையில் தாமதமாக வந்தான். முதலாளி அவனை மாடிக்கு அழைத்தார். அங்கே குடும்பத்தார் காலை ஆகாரத்துக்காக மேஜையைச் சுற்றி அமர்ந்திருந்தனர். அவர்கள் முன்னிலையில் பையனுக்கு வேலை போயிற்று. ஒரு வாரக் கூலியும் அபராதமாகப் போயிற்று. அந்த மேஜையை ஹார்டி சாகும்வரை மறக்கவில்லை.

பிறகு நிலக்கரிச் சுரங்கம். உள்ளே வேலை செய்வோருக்குக் காற்றோட்டம் கெடாதபடி ஒரு கதவைத் திறந்து மூடுவது பையனின் வேலை. இருட்டில் நாள் முழுதும் தனியே! விளக்குப் புகை படிந்த கல்லில் ஊசியால் கீறிக் கீறியே சுருக்கெழுத்துப் பழகினாராம். வளர்ந்து, சங்கம் சேர்த்தார். முதலாளிகள் அவருக்கும் சகோதரர்களுக்கும் சுரங்கக் கதவைச் சாத்தினர்.

இனி அரசியலுக்கு வருவோம். சொத்துள்ளவர்தான் பார்லிமெண்டில் அமரலாம் என்ற விதி 1858-லேயே நீங்கிவிட்டது. 1884 சட்டத்தால் கிராமப்புற, சுரங்கப்புறத் தொழிலாளிகள் பலருக்கும் ஓட்டு வந்தது. ஆனால் அங்கத்தினருக்குச் சம்பளம் கிடையாது. வாடகை வருமானமோ வக்கீல் வருமானமோ இல்லாதவன் லண்டனில் எதைத் தின்று சட்டம் இயற்றுவது? அபேட்சகரைத் தேர்ந்தெடுப்பவர்களோ உள்ளூர்க் கனவான்கள். 1874 முதல் ஒன்றிரண்டு சுரங்கத் தொழிலாளர் லிபரல் கட்சியின் தயவில் சபைக்குப் போனார்கள், அவ்வளவுதான். தொழிலாளியின் ஓட்டு வேண்டும், கால்நடையாய்ப் பிரசாரம் செய்ய அவன் கால் வேண்டும், அவன் மட்டும் வேண்டாம்!

1888-ல் மிட் லானார்க் இடைத் தேர்தலில் லிபரல்கள் ஹார்டியை ஏற்கவில்லை. தனித்து நின்றார். விலகிக்கொண்டால் வேறொரு தொகுதியும் ஆண்டுக்கு 300 பவுனும் தருவதாக ஆசை காட்டினர். மறுத்தார். கிடைத்தது 617 ஓட்டு, கடைசி இடம். அந்த 617 பேரை நாம் இன்றும் எண்ணிப் பார்க்கிறோம்.

1892-ல் லண்டனின் கிழக்கே, துறைமுகத் தொழிலாளரும் எரிவாயுத் தொழிலாளரும் வாழ்ந்த வெஸ்ட் ஹாம் தெற்கு அவரைச் சபைக்கு அனுப்பிற்று. பட்டுத் தொப்பிகளுக்கிடையே அவர் சாதாரணத் துணித் தொப்பியுடன் நுழைந்தார். கூரை வேலைக்கு வந்தவரா என்று வாசலில் போலீஸ்காரர் விசாரித்ததாக ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அப்படிக் கேட்கக்கூடிய இடமாகத்தான் அது இருந்தது.

1894 ஜூன் 23 அன்று வேல்ஸில் ஆல்பியன் சுரங்கம் வெடித்து 290 பேர் மாண்டனர். அதே நாளில் அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சபை குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்தது. மாண்டவர்களின் குடும்பங்களுக்கு அனுதாபமும் அதில் சேரட்டும் என்றார் ஹார்டி. மறுத்தார்கள். எழுந்து நின்று அரச பரம்பரையையே அவர் கண்டிக்க, சபை கூச்சலிட்டது. மறு ஆண்டுத் தேர்தலில் தோற்றார்.

சளைக்கவில்லை. 1900-ல் தொழிற்சங்கங்களையும் சோஷலிஸ்டுகளையும் சேர்த்துத் தொழிலாளர் பிரதிநிதித்துவக் கமிட்டி பிறந்தது. அவரும் மெர்தரிலிருந்து வென்றார். முதலில் பல சங்கங்கள் ஒதுங்கியே நின்றன. 1901-ல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில், வேலைநிறுத்த நஷ்டத்துக்குச் சங்கமே பொறுப்பு என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சங்கம் சுமார் 23,000 பவுன் கட்ட நேர்ந்தது. ஒதுங்கியவர்கள் ஓடி வந்தனர். 1906-ல் 29 பேர் வென்றனர். லேபர் கட்சி என்று பெயர் சூட்டினர். ஹார்டி சபைத் தலைவரானார், அதுவும் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்.

1907-ல் இந்தியா வந்தார். வங்கத்தில் சுற்றி, வெள்ளை அதிகார வர்க்கத்தின் ஆட்சியைக் கண்டித்தார். லண்டன் பத்திரிகைகள் அவர்மீது பாய்ந்தன. பெண்களின் ஓட்டுரிமைக்கும் வாதாடினார்.

அங்கத்தினருக்கு ஆண்டுக்கு 400 பவுன் சம்பளம் 1911-ல்தான் வந்தது. மூன்றாண்டில் மகாயுத்தம் மூண்டது. பல நாட்டுத் தொழிலாளர் ஒருவரையொருவர் சுடமாட்டார்கள் என்று நம்பியிருந்தவர் அவர். யுத்தத்தை எதிர்த்தவரைச் சொந்தத் தொகுதியிலேயே கூச்சலிட்டு அடக்கினர். 1915 செப்டம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் காலமானார். காமன்ஸ் சபை அஞ்சலி செலுத்தவில்லை. காலியான மெர்தர் இடத்தை, நவம்பரில், யுத்தத்தை ஆதரித்த இன்னொரு சுரங்கத் தொழிலாளர் தலைவரே வென்றார்.