ஆரஞ்சு உருண்டை மந்திரி

லண்டன் பட்டணத்தில் ஒரு மந்திரி தெருவைக் கடந்துகொண்டிருந்தார். வேகமாக வந்த மோட்டார் கார் ஒன்று அவர் மீது மோதப் பார்த்தது. மயிரிழையில் உயிர் தப்பினார்!

1934-ம் ஆண்டில் நடந்தது இது. அவர் பதவி ஏற்று அதிக நாள் ஆகவில்லை. அவர் எந்த இலாகாவுக்கு மந்திரி தெரியுமா? போக்குவரத்து இலாகாவுக்கு!

கேம்டன் என்ற பகுதியில் உள்ள பெரிய கடைத்தெரு அது. கார் நிற்காமலே போய்விட்டது. மந்திரியுடன் பத்திரிகை நிருபர்கள் இருந்தார்கள். மறுநாள் ஊரெல்லாம் இதே பேச்சு.

அந்த மந்திரியின் பெயர் லெஸ்லி ஹோர் பெலிஷா.

மந்திரிக்கே இந்தக் கதி என்றால், கூடையைத் தூக்கிக்கொண்டு போகிற கிழவியின் கதி என்ன? பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கதி என்ன?

தந்தை முகம் அறியாதவர்

பெலிஷா 1893-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி லண்டனில் பிறந்தார். யூதர் குடும்பம். குழந்தைக்கு ஒரு வயது நிறையும் முன்பே தந்தை இறந்துவிட்டார். தாய்தான் வளர்த்தார். ஒரே மகன். தாய்க்கு மகன் மீது உயிர். மகனுக்குத் தாய் மீது உயிர்.

பல ஆண்டுகள் கழித்து, 1912-ல், தாய் மறுமணம் செய்துகொண்டார். புதிய கணவரின் பெயர் ஹோர். தாயின் விருப்பப்படி, மகன் அந்தப் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அதனால்தான் ஹோர் பெலிஷா என்ற இரட்டைப் பெயர்.

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் படித்தார். படிப்பின் நடுவே முதல் உலக யுத்தம் வந்தது. பட்டாளத்தில் சேர்ந்தார். மேஜர் பதவி வரை உயர்ந்தார். யுத்தம் முடிந்ததும் திரும்பி வந்து படிப்பை முடித்தார். மாணவர் சங்கத்துக்குத் தலைவர் ஆனார். பேச்சில் கெட்டிக்காரர். பிறகு வக்கீல் ஆனார்.

1923-ம் ஆண்டு டெவன்போர்ட் என்ற துறைமுக ஊர் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 30.

1934-ம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் போக்குவரத்து மந்திரி ஆனார். அது பெரிய பதவி அல்ல. ஆனால் பெலிஷா சும்மா இருக்கிற ஆள் அல்ல.

ஆண்டுக்கு 7 ஆயிரம் பிணங்கள்

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் சாலைகள் எப்படி இருந்தன என்று தெரிந்துகொண்டால்தான், பெலிஷா செய்த காரியத்தின் அருமை விளங்கும்.

1934-ம் ஆண்டில் மட்டும் பிரிட்டனில் சாலை விபத்துகளில் 7,343 பேர் இறந்தார்கள். காயம் அடைந்தவர்கள் 2 லட்சத்து 31 ஆயிரத்துக்கும் மேல்! நாட்டில் ஓடிய மோட்டார் வண்டிகளோ சுமார் 24 லட்சம்தான். செத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் காரில் போனவர்கள் அல்ல, நடந்து போனவர்கள்.

காரணம் என்ன?

கார் ஓட்ட லைசென்சு வேண்டும் என்று 1903-லேயே சட்டம் இருந்தது. ஆனால் அதற்குப் பரீட்சை கிடையாது. 5 ஷில்லிங் கட்டினால் போதும். லைசென்சு கைக்கு வந்துவிடும். பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாதவரும் வாங்கலாம். காலையில் கார் வாங்கி, மாலையில் கடைத்தெருவில் ஓட்டலாம்.

வேகத்துக்கும் தடை இல்லை. முன்பு மணிக்கு 20 மைல் என்று ஒரு வரம்பு இருந்தது. அதை யாரும் மதிக்கவில்லை. மதிக்காத சட்டம் எதற்கு என்று 1930-ல் அதை எடுத்துவிட்டார்கள். திருடன் பூட்டை உடைக்கிறான் என்பதற்காகக் கதவையே கழற்றி வைத்த மாதிரி!

வேகத்துக்கு மீண்டும் வரம்பு கட்ட வேண்டும் என்ற பேச்சு 1934-ல் பார்லிமெண்டில் எழுந்தது. ஓர் உறுப்பினர் எழுந்து எதிர்த்தார். ஒரு காலத்தில் காரில் அடிபட்டுக் கோழிகள் ஏராளமாகச் செத்தன. பிறகு கோழிகளே ஒதுங்கிப் போகக் கற்றுக்கொண்டுவிட்டன. மனிதர்களும் அப்படிக் கற்றுக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். காரில் போகிறவருக்கு நடந்து போகிறவர் கோழியாகத் தெரிந்த காலம் அது.

அந்த எதிர்ப்பையும் மீறிச் சட்டம் நிறைவேறியது. அதை அமல் நடத்தும் பொறுப்பு பெலிஷாவின் தலையில் விழுந்தது.

இரவில் ஹாரன் கூடாது

முதலில் அவர் கை வைத்தது ஹாரனில்!

இரவு பதினொன்றரை மணி முதல் காலை 7 மணி வரை லண்டன் பட்டணத்தில் யாரும் ஹாரன் அடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்பது ஒரு காரணம். ஹாரன் அடிக்க முடியாது என்றால், ஓட்டுகிறவர் தானாகவே வேகத்தைக் குறைப்பார் என்பது இன்னொரு காரணம்.

ஹாரன் இல்லாமல் கார் ஓட்ட முடியுமா என்று பலர் கேலி செய்தார்கள். முடிந்தது!

(நம் ஊர்களில் இந்த உத்தரவைப் போட்டால் என்ன ஆகும் என்று வாசகர்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.)

கம்பத்தின் மேல் ஆரஞ்சுப் பழம்

அடுத்தது, நடந்து போகிறவர்களின் பாதை.

தெருவைக் கடப்பதற்கென்று சில இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. தரையில் உலோகக் குமிழ்களை வரிசையாகப் பதித்து வைத்திருந்தார்கள். காரில் வருகிறவரின் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. கிட்டே வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் காரியம் மிஞ்சிவிடும்.

தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். அதற்கு என்ன வழி?

பாதையின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கம்பம் நட்டார்கள். கம்பத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக வர்ணம் அடித்தார்கள். உச்சியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கண்ணாடி உருண்டை. பார்ப்பதற்குப் பெரிய ஆரஞ்சுப் பழத்தைக் கம்பில் குத்தி வைத்த மாதிரி இருக்கும்!

போலீஸ்காரரோ கைகாட்டி விளக்கோ இல்லாத இடத்தில், இந்தப் பாதையில் ஒருவர் கால் வைத்துவிட்டால், வருகிற வண்டி அவருக்கு வழிவிட வேண்டும். பெரிய பிரபுவின் கார் ஆனாலும் சரி, கூலிக்காரர் நடந்தாலும் நின்றே ஆகவேண்டும். அதே சமயம், நடக்கிறவரும் பாதையின் நடுவே நின்று கதை பேசக் கூடாது.

லண்டன் தெருக்களில் ஆயிரக்கணக்கில் இந்தக் கம்பங்கள் முளைத்தன. பட்டணத்தின் அழகு கெட்டுப் போய்விட்டது என்று சிலர் புலம்பினார்கள். பத்திரிகைகள் கேலிச் சித்திரம் போட்டன. விஷமிகள் கல் எறிந்து உருண்டைகளை உடைத்தார்கள். உடைக்க உடைக்க மாற்றி வைத்தார்கள்.

ஜனங்கள் அந்தக் கம்பத்துக்கு மந்திரியின் பெயரையே வைத்துவிட்டார்கள். 'பெலிஷா விளக்கு' என்றால் குழந்தைக்கும் தெரியும். 'பெலிஷா' என்ற பெயரில் ஒரு சீட்டு விளையாட்டுக்கூட வந்தது. சாலை விதிகளைக் குழந்தைகள் அந்தச் சீட்டுகளை வைத்தே கற்றுக்கொண்டார்கள்.

விளம்பரப் பிரியர் என்று பெலிஷாவைக் குறை சொன்னவர்கள் உண்டு. அது பொய் அல்ல. காமிராவைக் கண்டால் அவருக்குக் குஷி! ஆனால் அந்த ஆசையால் நடந்து போகிறவருக்கு நன்மைதான் வந்தது. மந்திரியின் படம் வந்த இடமெல்லாம் ஆரஞ்சு உருண்டையும் வந்தது.

தெரு விளக்கு இருந்தால் 30 மைல்

1935-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி வேக வரம்பு அமலுக்கு வந்தது. வீடுகள் நிறைந்த பகுதியில் மணிக்கு 30 மைலுக்கு மேல் போகக் கூடாது. அதாவது 48 கிலோ மீட்டர்.

இதில் ஒரு யுக்தி இருந்தது. எது வீடுகள் நிறைந்த பகுதி என்று ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? அதற்குத் தெரு விளக்கையே அடையாளமாக வைத்தார்கள். வரிசையாகத் தெரு விளக்கு இருக்கிறதா? அப்படியானால் 30 மைல்தான். வேறு பலகை வைத்திருந்தால் மட்டுமே அதற்கு விலக்கு. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற விதி!

அதே ஆண்டு ஜூன் 1-ந் தேதி முதல், கார் ஓட்டப் பரீட்சை கட்டாயம் ஆனது. 1934 ஏப்ரல் 1-ந் தேதிக்குப் பிறகு ஓட்டத் தொடங்கிய எல்லோரும் பரீட்சை எழுத... இல்லை, ஓட்டிக் காட்ட வேண்டும். கட்டணம் ஏழரை ஷில்லிங்.

பரீட்சைக்கென்று தனி ஆபீசு கிடையாது. ரெயில்வே நிலைய வாசலிலோ, பூங்கா அருகிலோ, முன்கூட்டிச் சொன்ன இடத்தில் அதிகாரி வந்து காத்திருப்பார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். கையால் சைகை காட்ட வேண்டும். வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். சாலை விதிகளைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். 100 பேரில் 63 பேர் தேறினார்கள். 37 பேர் தோற்றார்கள். முந்தின ஆண்டாக இருந்தால், அந்த 37 பேரும் 5 ஷில்லிங் கொடுத்துவிட்டுத் தெருவில் ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள்!

கற்றுக்கொள்கிறவர் வண்டியில் சிவப்பு எழுத்தில் 'எல்' பலகை மாட்ட வேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததுதான். நம் ஊரில் பயிற்சி கார்களில் நாம் பார்க்கிற அதே 'எல்' பலகை! இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் 1939-ல் வந்தது.

சாலை விதிப் புத்தகத்தையும் பெலிஷா திருத்தி வெளியிட்டார். அதில் காருக்கு மட்டும் அல்ல, சைக்கிளுக்கும் நடந்து போகிறவருக்கும் விதி உண்டு.

சைக்கிள்காரர்களுக்கென்று லண்டனின் மேற்கே ஒரு பெரிய சாலையின் ஓரத்தில் இரண்டரை மைல் தூரம் தனிப் பாதை போட்டார். 1934 டிசம்பரில் அதைத் திறந்து வைத்தார். சைக்கிள்காரர்கள் மகிழ்ந்தார்களா? இல்லை, கோபித்தார்கள்! எங்கள் சாலையை விட்டு எங்களையே விரட்டுகிறார்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கார்காரருக்கு இடம் செய்து கொடுக்க சைக்கிளை ஓரம் கட்டலாமா? அந்த வழக்கு இன்றுவரை பல நாடுகளில் தீரவில்லை.

பலன் என்ன? 1935-ல் சாலையில் இறந்தவர்கள் 6,502 பேர். ஒரே ஆண்டில் 841 உயிர்கள் குறைந்த சாவு! 

இருட்டு

1937-ல் பெலிஷாவுக்குப் பெரிய பதவி கிடைத்தது. யுத்த மந்திரி ஆனார். சிப்பாய்களுக்குச் சம்பளத்தைக் கூட்டினார். பாசறைகளைச் சீர்ப்படுத்தினார். வயதான தளபதிகளை ஒதுக்கி, இளைஞர்களை மேலே கொண்டுவந்தார். தளபதிகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை.

1939 செப்டம்பரில் ஜெர்மனியுடன் யுத்தம் மூண்டது. விமானங்கள் குண்டு போடும் என்று பயந்து, நாடு முழுவதும் விளக்குகளை அணைத்தார்கள். தெரு விளக்கு இல்லை. காரின் முன்விளக்கையும் மூடி, சிறு துளி வெளிச்சம் மட்டும் விட்டார்கள். கார் பரீட்சையையும் நிறுத்திவிட்டார்கள்.

வேக வரம்புக்கு அடையாளமாக வைத்த தெரு விளக்கே அணைந்துபோயிற்று. பரீட்சை போயிற்று. பெலிஷா கட்டிய காவல் ஒவ்வொன்றாகச் சரிந்தது. அப்போது யுத்த மந்திரி வேறு யாரும் அல்ல, அவரேதான்!

குண்டு விழுந்து செத்தவர்கள் ஒரு பக்கம். இருட்டில் கார் ஏறிச் செத்தவர்கள் இன்னொரு பக்கம். 1941-ம் ஆண்டில் சாலையில் இறந்தவர்கள் 9,169 பேர். பிரிட்டனின் சரித்திரத்தில் அதற்கு முன்பும் அவ்வளவு இல்லை, பின்பும் இல்லை. கார்கள் குறைந்திருந்த காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்!

பெலிஷாவோ 1940 ஜனவரியிலேயே பதவியை விட்டுப் போய்விட்டார். பிரதம மந்திரி சேம்பர்லின் அவரை யுத்த இலாகாவிலிருந்து நீக்கினார். வேறு இலாகா தருவதாகச் சொன்னார். பெலிஷா வேண்டாம் என்றுவிட்டார். அவர் யூதர் என்பதும் சிலர் கண்ணை உறுத்தியது. 1945 தேர்தலில் டெவன்போர்ட்டும் அவரைத் தோற்கடித்தது.

கடைசி நாள்

யுத்தம் முடிந்தது. 1946 நவம்பர் 1-ந் தேதி கார் பரீட்சை மீண்டும் தொடங்கியது. 1951-ல் கடக்கும் பாதையில் தரை மீதும் கறுப்பு, வெள்ளைப் பட்டைகள் போட்டார்கள். வரிக்குதிரைப் பட்டை! பட்டையின் இரு பக்கமும் பெலிஷாவின் கம்பங்கள் அப்படியே நின்றன. இன்றும் பிரிட்டனில் அவை நிற்கின்றன. ஆரஞ்சு விளக்கு மின்னி மின்னி எரிகிறது.

1954-ல் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. 1957 பிப்ரவரி 16-ந் தேதி, பிரான்சு நாட்டில் ரீம்ஸ் என்ற ஊருக்குப் போயிருந்தார். நகர மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே சாய்ந்து விழுந்தார். உயிர் பிரிந்தது. வயது 63.

1944-ல்தான் அவர் திருமணம் செய்துகொண்டார். பிள்ளைகள் இல்லை. பிரபுப் பட்டம் அவரோடு முடிந்தது.